ஐந்தாம் நாள் காய்ச்சல்

மார்ச் 3, செவ்வாய்

காலை பத்து மணிக்கே லேபில் விளக்குப் போட வேண்டியதாயிற்று. இந்த வருஷத்தின் முதல் புழுதிக்காற்று. வானம் பழுப்பு, தெரு பழுப்பு, எதிரே இருக்கும் மருந்துக் கிடங்கு கண்ணுக்கே தெரியவில்லை. எல்லோரும் ஜன்னலை இழுத்துச் சாத்திக்கொண்டிருக்க, எனக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, கிருமி வளர்க்கும் பிளேட் இரண்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். பத்து நிமிஷம் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். பத்தொன்பது வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் அனுப்பும் சளியையும் ரத்தத்தையும் முளைக்கவைத்துப் பார்க்கிறேன். ஊரில் பாதிப் பேரை இரும வைக்கும் இந்தக் காற்றை ஏன் ஒரு தடவைகூட முளைக்கவைத்துப் பார்க்கவில்லை?

கீழே வந்தால் டாக்டரம்மா. எங்கள் லேபின் தலைவி. "கண்ணாடியில உன் மூஞ்சியைப் பார்த்தியா? துடைக்காத அலமாரி மாதிரி இருக்க. வேண்டாத வேலை." சொல்லிவிட்டு, பிளேட்டை எந்தச் சூட்டில் வைத்தேன் என்றும் கேட்டார். ஆசை யாரை விட்டது!

சாயங்காலம் நாலாம் மாடி. அண்ணி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா. வாயால் அண்ணி, இந்த நோட்டில் கோபம் வந்தால் நாத்தனார். ரத்தப் புற்றுநோய். கீமோ மருந்து ஏறும் போதெல்லாம் காய்ச்சல் வந்து இரண்டு தடவை எல்லாம் தள்ளிப்போயிற்று. இந்தச் சுற்று ஒழுங்காக முடிந்தால் 23-ஆம் தேதி தம்பியின், அதாவது என் வீட்டுக்காரரின், ஸ்டெம் செல்லை அக்காவுக்கு ஏற்றுவார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையாட்டினேன். உள்ளேயிருந்து ஃபோனில், "ஏய் கிருமி, தலையைச் சீவிட்டு வரக்கூடாதா?" என்றார். அவர் தலையில் ஒரு முடி இல்லை. பேச்சு மட்டும் குறையவில்லை.

மார்ச் 4, புதன்

நூற்று எண்பத்து மூன்று! இன்னொன்றில் இருநூற்று ஆறு!

இரண்டு தடவை எண்ணினேன். ரோஜா நிறம், மஞ்சள், ஆரஞ்சு, அப்புறம் சாம்பல் நிறத்தில் தட்டையாக, சொரசொரப்பாக, பிளேட்டில் கலந்திருக்கும் ரத்தத்தைத் தின்று சுற்றிலும் வெளுக்க வைத்திருக்கும் ஒரு ஜாதி. கடைசியாகச் சொன்னதுதான் அதிகம். ஸ்லைடு போட்டேன்: பேசில்லஸ். ரயில்பெட்டிகள் போல ஒன்றோடொன்று கோத்து நீளமாக நிற்கும்.

பாலைவனத்திலிருந்து இங்கே வந்து சேர இரண்டு மூன்று நாள். வெயில், வறட்சி, உயரத்துக் குளிர், எல்லாம் தாண்டி உயிரோடு வந்து இறங்கியிருக்கிறது. ராத்திரி சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கஷ்டகாலம் வந்தா தன்னைச் சுத்தி ஒரு கெட்டி உறையைக் கட்டிக்கிட்டு வித்தாயிடும்ங்க. வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும். கொஞ்சம் ஈரம், கொஞ்சம் சூடு, போதும். எழுந்து உட்கார்ந்துடும்."

"நானும் ஞாயித்துக்கிழமை அப்படித்தான். நீ எழுப்பாம இருந்தா சரி," என்றார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்கு எதுவும் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது.

மார்ச் 7, சனி

நேற்று காற்று அடங்கியிருந்தது. அதே மாடி, அதே மூலை, அதே பத்து நிமிஷம். இன்று எண்ணினால் பதினொன்று. வெறும் பதினொன்று! அப்படியானால் அந்த இருநூறும் புழுதியோடு வந்ததுதான். தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணிக்குக் காய்ச்சல். முப்பத்தொன்பது புள்ளி இரண்டு.

வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி நடுங்கிக்கொண்டே ஃபோனை எடுத்து, "கிருமி, உன் ஆளுங்க யாரோ உள்ள பூந்துட்டாங்க. நீதானே விலாசம் குடுத்த?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

அண்ணியின் ரத்தம் இரண்டு பாட்டிலில் வந்தது. உள்ளே கிருமி வளர்ந்தால் மெஷின் கூவும்; ஒன்று மட்டும் கூவியது. ஸ்லைடில் பேசில்லஸ்.

இதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரண்டில் ஒரு பாட்டிலில் மட்டும் பேசில்லஸ் வந்தால் அது நோயாளியின் கிருமி இல்லை. ஊசி குத்தும்போது காற்றிலிருந்தோ தோலிலிருந்தோ ஒட்டிக்கொண்டது. "வெளி மாசு. மறு மாதிரி அனுப்பவும்." அதையேதான் எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், அனுப்பினேன். இரண்டு நிமிஷ வேலை.

மார்ச் 10, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் இன்குபேட்டரைத் திறந்தேன். அண்ணியின் பாட்டிலிலிருந்து கோடு இழுத்து வைத்த பிளேட் மேல்தட்டில். மாடியில் பிடித்த புழுதி பிளேட் கீழ்த்தட்டில். இரண்டையும் சேர்த்து எடுத்தது தற்செயல்தான். சாம்பல் நிறம். தட்டை. சொரசொரப்பு. சுற்றிலும் அதே வெளுத்த வளையம். எது மாடி, எது அண்ணி என்று பின்பக்கம் ஒட்டிய சீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

அட பாவி! நேற்று என்ன எழுதி அனுப்பினேன்?

வார்டுக்கு ஃபோன் போட்டால், என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இந்தக் கிருமியைக் கொல்லும் மருந்தை நேற்று சாயங்காலமே நிறுத்தியிருக்கிறார்கள். "கன்டாமினேஷன்னு லேப் சொல்லிடுச்சே." காய்ச்சல் நாற்பது. லிஃப்டுக்கு நிற்கவில்லை. நாலு மாடியும் படியில். ஒரு கையில் ஒரு பிளேட், இன்னொரு கையில் இன்னொன்று, மூச்சு வாங்குகிறது, வார்டு டாக்டர் என்னைப் பார்த்து நோயாளி என்றே நினைத்திருப்பார்.

"மாசுன்னு நீங்கதானேம்மா அனுப்பினீங்க?"

"தப்பு சார். எழுதினவளே சொல்றேன், தப்பு. தயவுபண்ணி அந்த மருந்தை மறுபடி போடுங்க."

இரண்டு பிளேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மருந்துச் சீட்டை இழுத்தார். போட்டுவிட்டார்கள்.

மார்ச் 12, வியாழன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. முப்பத்தேழு. ஆனால் 23-ஆம் தேதி போச்சு. ஏப்ரல் 13. வார்டு டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "இதுக்கு மேல தள்ள முடியாது. இன்னொரு காய்ச்சல் வந்து தள்ளிப்போனா நோய் திரும்பிடும். அப்புறம் ஏத்திப் பிரயோஜனம் இல்ல."

பஸ்ஸில் வீட்டுக்காரர் டிக்கெட்டைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக வந்தார். நான் மட்டும் மனசுக்குள் பேசிக்கொண்டே வந்தேன். நாலாம் மாடியில் ஜன்னலே திறக்காது. அந்தப் புழுதி எப்படி உள்ளே போயிற்று? ஒரு மாசம் இருக்கிறது. கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். பயம் ஒரு பக்கம், ஆனால் பொய் ஏன் சொல்லவேண்டும், உள்ளுக்குள் ஒரு பரபரப்பு, சின்ன வயசில் ஒளிந்து விளையாடும்போது வருமே, அது.

மார்ச் 13, வெள்ளி

பழைய ரெஜிஸ்டர்களை இறக்கினேன். இரண்டு வருஷத்தில் "வெளி மாசு – பேசில்லஸ்" என்று எழுதியது இருபத்து மூன்று. அதில் பதினெட்டு புழுதி மாசங்களில். அந்தப் பதினெட்டில் பதினான்கு நாலாம் மாடி!

கூவிவிட்டேன். டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். விரலால் காட்டினேன், வரிசையாக, தேதி தேதியாக. எப்படி இத்தனை வருஷம் கண்ணில் படவில்லை? ஒவ்வொன்றும் தனித்தனி நாள், தனித்தனிப் பக்கம். ஒவ்வொரு முறையும் ஒட்டிக்கொண்ட கிருமி என்று தள்ளிவிட்டு அடுத்த பாட்டிலுக்குப் போய்விட்டோம்.

போய்விட்டோம் இல்லை. போய்விட்டேன். இருபத்து மூன்றில் இருபது என் கையெழுத்து. போன வருஷம் ஏப்ரல் பக்கத்தில் ஒரு இரும்புக்கடைக்காரர். நாலாம் மாடி. ஒரு பாட்டில், பேசில்லஸ், வெளி மாசு, என் கையெழுத்து. நாலு நாள் கழித்து அவர் பெயருக்கு மேல் சிவப்புக் கோடு, இறந்தவர்களுக்குப் போடுவது.

"அவருக்கு வேற ஆயிரம் பிரச்சினை இருந்தது," என்றார் டாக்டரம்மா. இருக்கலாம். இருக்கலாம்தான். அந்த ஆயிரத்தில் நான் பார்க்காமல் விட்ட ஒன்றும் இருந்திருக்கலாம். ஐயோ.

மார்ச் 14, சனி

டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டு என் கூடாரத்தையே பிரித்துப் போட்டுவிட்டார்.

"காத்து அடிச்சது மூணாம் தேதி. காய்ச்சல் எட்டாம் தேதி. நடுவுல அஞ்சு நாள் உன் கிருமி எங்க போய் உட்கார்ந்திருந்துச்சு?"

பழைய தேதிகளையும் வானிலைக் குறிப்பையும் ஒட்டிப் பார்த்தேன். எல்லாமே அப்படித்தான். காற்றடித்து நாலாம் நாள், ஐந்தாம் நாள், ஆறாம் நாள். காற்றடிக்கிற அன்று ஒருவருக்கும் வரவில்லை. மூச்சில் போனால் இத்தனை ஒழுங்காக ஐந்து நாள் கழித்தா வரும்? குழம்பிவிட்டேன். வீட்டில் கோபத்தை எல்லாம் பாத்திரத்தில் காட்டினேன்.

மார்ச் 16, திங்கள்

சனிக்கிழமை சிஸ்டரைக் கெஞ்சி வார்டுக்குள் ஆறு பிளேட் திறந்து வைத்திருந்தேன். இன்று பார்த்தால் ஆறும் துடைத்துவிட்ட மாதிரி. வார்டுக் காற்று சுத்தம். ஏசி வலையைத் தேய்த்து எடுத்ததும் சுத்தம். இதற்குச் சந்தோஷப்பட வேண்டும். அழுகைதான் வந்தது.

சாயங்காலம் அண்ணியிடம் ஃபோன். வழக்கமான புகார்ப் பட்டியல். விளக்கு கண்ணைக் குத்துகிறது. பக்கத்து அறைக்காரர் இருமுகிறார். "அப்புறம் இந்தத் துண்டு. ஒரே மண் வாசனை. துடைச்சு விடறாங்களா, புதைச்சு விடறாங்களான்னே தெரியல. ஜனவரியிலேர்ந்து சொல்றேன், யார் கேக்கறா!"

நானும் கேட்கவில்லைதான். ஜனவரியிலிருந்து "ம், ம்" என்று சொல்லிவிட்டு மனசுக்குள் இந்த நாத்தனாருக்கு எதிலும் திருப்தி கிடையாது என்று நினைத்தவள் நான். இன்று அந்த "மண் வாசனை" காதில் விழுந்தவுடன் அப்படியே நின்றுவிட்டேன்.

நெஞ்சில் குழாய் இருப்பதால் இவர்கள் யாரும் குளிக்கக்கூடாது. தினமும் காலையில் சிஸ்டர் துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்து உடம்பு துடைத்துவிடுவார். கழுத்து, நெஞ்சு, குழாயைச் சுற்றி. பிறகு அதே ஈரக்கையால் குழாயின் மூடியைத் திறந்து மருந்து.

"அண்ணி, துண்டு இப்ப எங்க?"

"ஏன், உனக்கும் உடம்பு துடைக்கணுமா?"

வார்டு அலமாரியில் போன வாரத்திலிருந்து மிச்சமிருந்த, மடிப்புக் கலையாத மூன்று துண்டு வாங்கி வந்தேன். பிளேட்டில் அழுத்தி எடுத்தேன். நாளைக்கு எப்படா விடியும்?

மார்ச் 17, செவ்வாய்

எண்ண முடியவில்லை! கம்பளம் விரித்த மாதிரி, ஓரத்திலிருந்து ஓரம் வரை சாம்பல் நிறம். மூன்று துண்டும். மூன்றும்!

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஒழிஞ்சு போ," என்றார் மெதுவாக. அவர் அகராதியில் அதுதான் பெரிய பாராட்டு. மாடிப் புழுதி, அண்ணியின் ரத்தம், துண்டு, மூன்றிலிருந்தும் எடுத்துப் பெரிய ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னார், மூன்றும் ஒரே வம்சம்தானா என்று பார்க்க.

மார்ச் 18, புதன்

சலவைக்கூடம், அடித்தளம். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் போகிறேன். சலவை மேஸ்திரியம்மா மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர்.

"என் துணியில கிருமியா? எழுபது டிகிரி வெந்நீர்ல போட்டு எடுக்கறேன், தெரியுமா? லேபுக்காரங்களுக்கு வேற வேலை இல்லியா?"

பிளேட்டை நீட்டினேன். ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"இது… என் துண்டுலயா?"

"ஆமாங்க. வெந்நீரால சாகாது. உறை போட்டுக்கிட்டு இருக்கும். ஆனா இது உங்க மெஷின்ல வந்ததில்ல. காத்துல வந்தது. துணி எங்க காயுது?"

துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். குரல் தணிந்தது. இரண்டு உலர்த்தும் மெஷினில் ஒன்று ஜனவரியிலிருந்து ஓடவில்லை, இதற்கு முன்னாலும் அது பாதி நாள் ஓடாததுதான். ஆபரேஷன் தியேட்டர் துணி மட்டும் மெஷினில், துண்டெல்லாம் மொட்டைமாடிக் கொடியில். காற்றடித்தால்? "நாலு உதறு உதறி மடிச்சு வச்சிடுவோம். திருப்பித் துவைக்க எங்க ஆளு?" கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் எடுத்துவிடுவார்களாம். கொஞ்சம் ஈரம் இருக்கும்போது மடித்தால்தான் மடிப்பு கத்தி போல நிற்கும். அந்த மடிப்புக்காக இந்த ஆஸ்பத்திரி முழுக்க மேஸ்திரியம்மாவுக்குப் பெயர். நானும் ரசித்திருக்கிறேன்.

மடித்து, இரும்பு அலமாரியில் அடுக்கி, கதவைச் சாத்தி. ஜனவரியிலிருந்து அண்ணி சொன்ன வாசனை இந்த ஈரத்தில் வந்ததுதான். ஈரம், புழுக்கம், புழுதி. அந்த வித்துகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"அடுக்கினதும் வார்டுக்குப் போயிடுமா?"

"எப்படிப் போகும்? புதுசு அடியில, பழசு மேல. வரிசை மாறக் கூடாது. அடியில வச்சது மேல வர நாலு நாள், அஞ்சு நாள் ஆகும்."

அஞ்சு நாள்!!

மேஸ்திரியம்மாவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கிவிட்டேன். "எதுக்கும்மா இப்படிச் சிரிக்கற?" என்று பயந்துபோய்க் கேட்டார். காற்றோடு வந்தது அலமாரியில் வரிசையில் நின்றிருக்கிறது, டாக்டரம்மா! கிருமி உட்கார்ந்திருந்த இடம் அதுதான்! ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் என்பதால்தான் அத்தனை ஒழுங்காக ஐந்தாம் நாள் காய்ச்சல்.

மார்ச் 19, வியாழன்

காலை ஏழு மணிக்கே மேஸ்திரியம்மா லேப் வாசலில். நேற்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். "நாலாம் மாடியில எத்தனை பேரு?" பதினாறு என்றேன். "பதினாறு பேருக்கு நான் பார்த்துக்கறேன். அவங்க துண்டு தனி. ஓடற மெஷின்ல எலும்பு எலும்பா காய வச்சு, அப்புறம் தியேட்டர் துணியோட ஆட்டோகிளேவ்ல வச்சு எடுக்கறேன். மடிப்பு நிக்காது. நிக்காட்டி போகுது."

அந்த நீராவிப் பெட்டியின் சூட்டில் எந்த வித்தும் தப்பாது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை.

மார்ச் 25, புதன்

வந்துவிட்டது! மாடி, ரத்தம், துண்டு, மூன்றும் ஒரே வம்சம். டாக்டரம்மா காகிதத்தை என் மேஜையில் போட்டுவிட்டு நின்றார். நான் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் மரம் மாதிரி நின்றார், ஆனால் நகரவில்லை.

பிறகு உட்கார்ந்து அறிக்கை எழுதினோம். நாளைக்கு ஆஸ்பத்திரிக் கமிட்டி. "பழைய ரெஜிஸ்டர்லேர்ந்து எண்ணிக்கை மட்டும் குடு, போதும். யார் எழுதினதுன்னு எதுக்கு?" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார், தெரியும். சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. எண்ணிக்கை மட்டும் கொடுத்தால் ஏதோ இயற்கையாக நடந்த மாதிரி இருக்கிறது. நடக்கவில்லை. ஒருத்தி செய்தாள். வழக்கத்தின்படி, மனசறிந்து தப்பில்லாமல், ஆனால் செய்தாள்.

மார்ச் 26, வியாழன்

பெரிய டாக்டர் தலைமையில் ஒன்பது பேர். துண்டு பிளேட்டைச் சுற்றி அனுப்பினேன். ஒருவர் அதைத் தொட்ட கையை மேஜைக்கு அடியில் துடைத்துக்கொண்டார். மாடியில் துணி காயப்போடுவது நின்றது. புது மெஷின் வரும். ஒரு பாட்டில் பேசில்லஸ் என்றாலும் இனி வார்டோடு பேசாமல் தள்ளக்கூடாது. எல்லாம் அரை மணியில்!

கடைசியில் பெரிய டாக்டர் கேட்டார், "இந்த இருபத்து மூணையும் மாசுன்னு தள்ளினது யாரு?"

"இருபது நான்தான் சார்." பட்டியலை நீட்டினேன். கையெழுத்தோடு பிரதி எடுத்து வைத்திருந்தேன். இரும்புக்கடைக்காரர் வரியும் அதில் இருந்தது.

டாக்டரம்மா, "மீதி மூணு நான் சார்," என்றார். பெரிய டாக்டர் இரண்டு பேரையும் பார்த்தார். எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். கொடுப்போம். வெளியே வந்ததும் டாக்டரம்மா, "சொன்னா கேக்கறதில்ல நீ," என்று திட்டிக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தார்.

ஏப்ரல் 6, திங்கள்

அண்ணிக்கு இந்த இருபத்தைந்து நாளாகக் காய்ச்சலே இல்லை. இடையில் ஒரு சின்னப் புழுதிக்காற்றும் அடித்துப் போயிற்று. இன்றிலிருந்து பெரிய கீமோ மருந்து. ஒரு வாரத்தில் அவருடைய ரத்தம் ஊறும் இடத்தையே காலி செய்துவிடும். வெள்ளை அணு பூஜ்யம். பிறகு தம்பியுடையதை விதைப்பார்கள். அது முளைக்கும் வரை ஒரு தூசி தாங்காத உடம்பு.

வீட்டுக்காரருக்கு ஸ்டெம் செல் ஊற வைக்க வியாழனிலிருந்து தினமும் ஊசி. முப்பது மாடி லிஃப்ட் குழியில் தொங்குகிறவர், ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

ஏப்ரல் 13, திங்கள்

வீட்டுக்காரர் நாலு மணி நேரம் மெஷினில் படுத்துக் கொடுத்தார். ஒரு சின்னப் பை. தக்காளிச் சாறு மாதிரி. மாலை மூன்று மணிக்கு அண்ணிக்குள் இறங்கியது. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்கா இத்தனை பாடு?

அண்ணி ஃபோனில், மெல்லிய குரலில்: "இவன் ரத்தமா? அப்ப நானும் இனிமே பல் தேய்க்க மறந்துடுவேன்."

ஏப்ரல் 17, வெள்ளி

அடித்ததே ஒரு காற்று! இந்த வருஷத்திலேயே பெரியது. மதியம் இரண்டு மணிக்குக் கார்களெல்லாம் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. பிளேட்டோடு மாடிக்கு ஓடவில்லை. ஓட மனசில்லை. அடித்தளத்துக்கு ஓடினேன். மேஸ்திரியம்மா மாடிக் கதவின் சாவியைத் தன் கழுத்துச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். "போம்மா, போய் உன் வேலையைப் பாரு," என்றார்.

அண்ணியின் வெள்ளை அணு: பூஜ்யம்.

ஏப்ரல் 20, திங்கள்

காற்றடித்து மூன்றாம் நாள். காய்ச்சல் இல்லை. அணு பூஜ்யம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

நாலு. இல்லை.

ஏப்ரல் 22, புதன்

ஐந்தாம் நாள். காலை ஆறு, பத்து, இரண்டு, ஆறு, நாலு முறையும் சிஸ்டருக்கு ஃபோன். கடைசியில் அவரே, "அம்மா, வந்தா நானே கூப்பிட மாட்டேனா?" என்று சலித்துக்கொண்டார். இல்லை. காய்ச்சல் இல்லை! வீட்டுக்காரர் இன்று இரண்டாவது முறை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 23, வியாழன்

வந்துவிட்டது. முப்பத்தெட்டு புள்ளி எட்டு.

எங்கே விட்டேன்? துண்டு எல்லாம் முளைக்கவைத்துப் பார்த்தேனே, தினமும் ஒன்று, எல்லாம் சுத்தமாக இருந்ததே. தலையணை உறையா? தண்ணீரா? சிஸ்டரின் கையா? இரண்டு பாட்டிலும் காலை பதினொன்றுக்கு என் கைக்கு வந்தது. மெஷினில் வைத்தேன். மருந்தெல்லாம் தொடங்கிவிட்டார்கள். வார்டு டாக்டர், "புது அணு முளைக்கிற நேரத்துலயும் இப்படிக் காய்ச்சல் வர்றது உண்டும்மா. ஆனா அதை நம்பி உட்கார முடியாது. பாட்டில் அஞ்சு நாள் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்," என்றார்.

மறுபடியும் அஞ்சு நாள். கடவுளே.

ஏப்ரல் 24, வெள்ளி

பாட்டில் கூவவில்லை. பேசில்லஸ் என்றால் பெரும்பாலும் ஒரே நாளில் கூவும். இன்று கூவவில்லை.

வெள்ளை அணு இருநூறு. மெஷின் தப்பாகக் காட்டுகிறதோ என்று ரத்த அணு எண்ணும் பக்கத்து லேப்காரி மறுபடி ஓட்டினாள். இருநூற்றுப் பத்து.

ஏப்ரல் 26, ஞாயிறு

லீவு. லேபுக்குப் போனேன். கூவவில்லை. அணு அறுநூறு. காய்ச்சல் இறங்குகிறது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் கலைந்துவிடும் போல இருக்கிறது.

ஏப்ரல் 28, செவ்வாய்

காலை பதினொன்று ஐந்துக்கு மெஷின் இரண்டு பாட்டிலையும் "முடிந்தது" என்று காட்டியது. பச்சை விளக்கு. நம்பாமல் இரண்டிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடு போட்டேன். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஸ்லைடில் எண்ணெய் விட்டு இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். டாக்டரம்மாவையும் பார்க்கச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் குனிந்திருந்துவிட்டு, "எழுது," என்றார்.

எழுதினேன். "ஐந்து நாள். வளர்ச்சி இல்லை." கையெழுத்து.

கம்ப்யூட்டரில் அனுப்பினால் போதும். ஆனாலும் அச்செடுத்துக்கொண்டு நாலாம் மாடிக்குப் போனேன். அணு இன்றைக்கு ஆயிரத்து முந்நூறு, வார்டு டாக்டர் காகிதத்தை வாங்கிக்கொண்டு, "தம்பியோட அணு நல்லாப் பிடிச்சுக்கிச்சும்மா. வந்தது புது அணு முளைக்கிற காய்ச்சல்தான்," என்றார். வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல், மறுபடியும் உட்கார்ந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஃபோனை எடுத்தார்.

"ஏய் கிருமி. என்ன முளைச்சுது?"

"ஒண்ணும் முளைக்கல அண்ணி."

"அதுக்கு ஏன்டி அழற?"

"தெரியல."

"சரி, அழுதுட்டுப் போ," என்றார் அண்ணி. ஃபோனை மட்டும் வைக்கவில்லை.